பன்னிரண்டாவது கோடு

அவள் போட்டது பதினோரு கோடுகள். திரையில் பன்னிரண்டு தெரிந்தன.

நாகலக்ஷ்மி முதலில் கண்ணால் எண்ணினாள். நம்பிக்கை வராமல், பேனா மூடியைத் திரையில் வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். பதினொன்று அவளுடையவை, ஸ்கேல் வைத்து அடித்த மாதிரி நேராக, ஒரே இடைவெளியில் இருந்தன. பன்னிரண்டாவது மட்டும் ஓரத்தில் கொஞ்சம் தள்ளி, ஏறி இறங்கி, ஏறி இறங்கி வளைந்து போனது. கை நடுங்கும் ஆள் போட்ட கோடு என்று சொல்லலாம். ஆனால் இந்த மெஷினில் யாரும் கையால் கோடு போடுவதில்லை.

யாரோ தொட்டிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ? இந்த அறைக்கு மூன்றே சாவி. ஒன்று ஆய்வுக்கூடத்தின் தலைவர் தோத்தாத்ரி சாரிடம் இருக்கிறது. அவர் இரவு ஒன்பது மணிக்கு மேல் கண் விழித்ததாகச் சரித்திரம் இல்லை. இன்னொன்று அவளிடம். மூன்றாவது ஹேமநாத்திடம்.

தன் வேலையைக் கணவனுக்கு அவள் இப்படித்தான் சொல்லிப் புரியவைத்திருந்தாள். விரல்நகம் அளவு சிலிக்கான் துண்டின் மேல் கரியை மெல்லிய படலமாகப் பூசியிருக்கும். அதன் மேல் ஓர் ஊசி. ஊசி முனைக்கும் கரிக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஈரம். பத்து வோல்ட் கொடுத்தால், ஈரத்திலிருக்கும் ஆக்சிஜன் கரியைப் பிடித்துக்கொண்டு காற்றாகப் போய்விடும். போன இடத்தில் பள்ளம் விழும். ஊசியை நகர்த்தினால் பள்ளம் கோடாகிவிடும். தலைமுடி ஒன்றை நீளவாக்கில் இரண்டாயிரமாகப் பிளந்தால் கிடைக்கும் இழை எவ்வளவோ, அவ்வளவுதான் அந்தக் கோட்டின் அகலம். அதே ஊசியை வோல்ட் இல்லாமல் மேலே தடவவிட்டால், போட்ட கோட்டைத் திரையில் படமாகக் காட்டும்.

"அப்ப அந்தக் கரி எங்க போகுது?" என்று ஜெயகிருஷ்ணன் கேட்டான்.

"நாம மூச்சு விடறோமே, அதே காத்துதாங்க. கார்பன் டை ஆக்சைடு."

"அப்ப உன் கரி மூச்சு விடுதுன்னு சொல்லு" என்று சிரித்துவிட்டு அவன் டிவி பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஆய்வுக்கூடம் தாம்பரத்துக்கும் சானடோரியத்துக்கும் நடுவில், ரயில் பாதையை ஒட்டி இருந்தது. இப்படி ஒரு மெஷினை இப்படி ஓர் இடத்தில் வைத்த புண்ணியவான் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. பகலில் எலக்ட்ரிக் வண்டி போகும்போதெல்லாம் பின்சுவர் அதிரும், மேஜையில் டம்ளர் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கும், ஊசி எகிறிக் குதித்துப் படலத்தைக் கீறிவிடும். எக்ஸ்பிரஸ் வண்டிகள் தள்ளியிருக்கும் பாதையில் போய்த் தொலைந்தன. சுவரை ஒட்டிப் போகும் எலக்ட்ரிக் வண்டிதான் எமன். அதனால் கடைசி வண்டிக்கும் முதல் வண்டிக்கும் நடுவில் கிடைக்கும் நான்கு மணி நேரம் மட்டுமே வேலை. சுவரில் தோத்தாத்ரி சாரின் கையெழுத்தில் ஓர் அட்டை தொங்கியது: கடைசி வண்டி 12.05. முதல் வண்டி 3.55. அதற்குள் ஊசியைத் தூக்கு.

யாராவது மறந்துவிடப்போகிறார்களே என்று, வாட்ச்மேன் ஏசுதாசன் மூன்றே முக்கால் தாண்டியதும் தினம் கதவைத் தட்டுவார். "மேடம், வண்டி வந்துக்கினு கீது. ஊசிய தூக்கிட்டீங்களா?" ஊசி என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. தூக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

2006-ஆம் ஆண்டு அது. இன்னும் இருபது நாளில் கமிட்டி வருகிறது. கமிட்டி தலையாட்டினால் நாகலக்ஷ்மிக்கு டாக்டர் பட்டம், கூடவே இதே இடத்தில் நிரந்தர வேலை. ஐந்து வருடம், ஒரு கருக்கலைப்பு, மாமியார் வீட்டில் எத்தனையோ பேச்சு. எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு வந்தது இந்த ஒரு நாளுக்காகத்தான். அதனால்தான் அந்தப் பன்னிரண்டாவது கோட்டை அவளால் விட்டுவிட முடியவில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கோடு விழுவதற்கு ஈரம் வேண்டும். ஏசி அறையில் ஈரம் ஏது? மெஷினைச் சுற்றி ஈரக்காற்றைச் செலுத்தும் கருவியின் குழாய் வெடித்து எட்டு மாதமாகிறது. புதிது வாங்கும் கடிதம் எந்த மேஜையில் தூங்குகிறதோ. ஹேமநாத்துக்கு ஒரு கோடுகூட ஒழுங்காக விழவில்லை. அவளுக்கும் விழவில்லை, ஒருநாள் அலுப்பில் அந்தத் துண்டின் மேல் குனிந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஊதுவதுபோல, வாயைத் திறந்து "ஹா" என்று ஊதும்வரை. அன்று விழுந்தது கோடு. சுத்தமாக, நேராக. அன்றிலிருந்து தினம் ஊதினாள். ஆய்வேட்டில் மட்டும், ஈரப்பதம் கருவியின் மூலம் அறுபது சதவீதத்தில் வைக்கப்பட்டது என்று கூசாமல் எழுதினாள்.

"எப்படிக்கா உங்களுக்கு மட்டும் வருது?" என்று ஹேமநாத் இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறான். இருபத்தைந்து வயது, ஒல்லி, சட்டைப்பையில் எப்போதும் ஓர் இன்ஹேலர். சிரித்தாலும் மூச்சு வாங்கும். அவளுக்கு இரண்டு வருடம் ஜூனியர், ஆனால் பெரிய இடத்தில் படித்துவிட்டு வந்தவன். நிரந்தர வேலை ஒன்றுதான் இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும்.

போன வாரம் அவள் துண்டின் மேல் குனிந்து ஊதிவிட்டு நிமிர்ந்தபோது, மெஷின் மூடியின் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. கதவருகே நின்றிருந்தான். "குட் நைட்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். பார்த்தானா, பார்க்கவில்லையா? அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் இரவு அதே துண்டை மறுபடி மெஷினில் வைத்தாள். அறையில் ஏசியின் உறுமல், சூடான பிளாஸ்டிக்கின் வாடை, ஜன்னல் இடுக்கு வழியாக வரும் சாக்கடையும் பிரேக் இரும்பும் கலந்த நாற்றம், எங்கோ மேம்பாலத்தில் கியர் மாற்றும் லாரி. ஊசி தடவித் தடவி ஒவ்வொரு வரியாகப் படத்தை மேலிருந்து கீழே கொண்டுவந்தது. பதினோரு கோடுகளும் வந்தன. பிறகு பன்னிரண்டாவது வந்தது. நேற்று முடிந்த இடத்தில் முடியாமல், நேற்று இருந்த நீளத்துக்கு இன்னொரு பங்கு நீண்டிருந்தது.

கம்ப்யூட்டரின் பதிவில் பார்த்தாள். நேற்று அவள் வெளியேறியதற்கும் இன்று அவள் உள்ளே வந்ததற்கும் நடுவில் மெஷின் ஓடியதற்குச் சுவடே இல்லை. பதிவை அழிப்பது பெரிய விஷயமா? ஹேமநாத் கம்ப்யூட்டரில் கெட்டிக்காரன். அழித்திருப்பான்.

அன்று கிளம்பும்போது தன் தலையிலிருந்து நீளமான முடி ஒன்றைப் பிடுங்கி, கதவுக்கும் நிலைக்கும் குறுக்கே தரையோரமாக செல்லோடேப்பால் ஒட்டினாள். மறுநாள் இரவு டார்ச் அடித்துப் பார்த்தபோது முடி அப்படியே இருந்தது. கதவு திறக்கப்படவில்லை. உள்ளே துண்டில் கோடு நீண்டிருந்தது.

முடியைப் பார்த்துவிட்டான், வேறு முடியை ஒட்டிவிட்டான் என்று முடிவுகட்டினாள். அவன் தலைமுடி அவ்வளவு நீளமில்லையே என்பது தோன்றாமல் இல்லை. தோன்றியதை ஒதுக்கினாள்.

அதற்கு அடுத்த இரவு அவனுடைய சாம்பிள் பெட்டியைத் திறந்தாள். அடுத்தவர் பெட்டியைத் திறப்பது அந்தக் கூடத்தில் யாரும் செய்யாத காரியம், செய்தாள். ஆறு துண்டுகளில் ஐந்து வெறுமை. ஆறாவதை மெஷினில் வைத்தபோது அவளுக்குக் காதெல்லாம் சூடேறியது. மூன்று நேர்கோடுகள். சுத்தமான கோடுகள், அவளுடையதைப் போலவே. நான்காவதாக ஓரத்தில், ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒரு வளைந்த கோடு. அவள் துண்டில் இருப்பதைவிட நெருக்கமான, அவசரமான வளைவுகள். நடுநடுவே ஒரு திணறல்.

மாட்டிக்கொண்டான். முதலில் தன் துண்டில் போட்டுப் பழகியிருக்கிறான், பிறகு அவள் துண்டில் போட்டிருக்கிறான். அவளுக்கு அப்போது ஏற்பட்டது பயமில்லை, சந்தோஷம். கைகொட்டிச் சிரிக்க வேண்டும்போல இருந்தது.

இரண்டு படங்களையும் அச்சடித்துக் காலையில் தோத்தாத்ரி சார் மேஜையில் வைத்தாள். அன்று சனிக்கிழமை, திருநீர்மலைக் கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தார், நெற்றியில் நாமம் இன்னும் காயவில்லை. படங்களைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"ஏம்ப்பா ஹேமநாத், என்ன இது? கமிட்டி வர்ற நேரத்துல?"

"சார், அக்காவோட சாம்பிளை நான் தொடவே இல்ல சார்." இன்ஹேலரை எடுத்து, அவர் முன்னால் அடித்துக்கொள்ளக் கூச்சப்பட்டு, கையிலேயே வைத்துக்கொண்டான். "என்னோடதுலயும் தானா வருது சார்."

"தானா வருமோ? கத்திரிக்காயா அது, தானா காய்க்கறதுக்கு?" அவர் கையை நீட்டினார். "சாவியைக் குடு. கமிட்டி போற வரைக்கும் நீ ராத்திரில வர வேண்டாம்."

வராந்தாவில் ஹேமநாத் அவள் பின்னாலேயே வந்தான். படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் பேசினான். "அக்கா, சார் முன்னாடி சொல்ல வேணாம்னுதான் சொல்லல. நீங்க ஊதறதைப் பாத்தேன். நானும் அதே மாதிரி ஊதிப் பாத்தேன். அன்னிலேர்ந்துதான் எனக்கும் அந்தக் கோடு வருது. ரெண்டு பேரும் சேர்ந்து அது என்னன்னு பாக்கலாமேக்கா. எனக்கு பயமா இருக்கு."

அவன் கண்களில் நீர் முட்டியிருந்தது. நாகலக்ஷ்மி அதைப் பார்த்தாள். பார்த்தும், அவள் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். நீங்க ஊதறதைப் பாத்தேன். சார் முன்னாடி சொல்லல. இன்று சொல்லவில்லை, நாளை சொல்வான். கமிட்டி முன்னால் எழுந்து நின்று சொல்வான். மிரட்டுகிறான் என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

"எனக்கு வேலை இருக்கு ஹேமநாத்" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனாள்.

அன்று இரவு கடைசி வண்டி போனதும், பழைய துண்டுகளைக் கழுவும் அமிலத்தைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றினாள். கரி எதுவானாலும் தின்றுவிடும் அமிலம் அது. ஹேமநாத்தின் ஆறாவது துண்டை இடுக்கியால் எடுத்தாள். இதுதான் சாட்சி. வாயால் ஊதினால் கோடு விழும் என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி. கிண்ணத்தில் போட்டபோது துண்டைச் சுற்றிக் குமிழ்கள் கிளம்பின. முதலில் நிதானமாக, பிறகு வேகமாக, பிறகு ஒரு கொத்தாக. நின்றுவிட்டன. துண்டு பளபளவென்று வெறும் கண்ணாடிபோல அடியில் கிடந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஒன்று நாற்பது.

அன்றைக்கே தன் துண்டைச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, கைப்பையில் போட்டுக்கொண்டு, சிட்லபாக்கத்துக்கு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டி, சாவியைத் தாலிச்சரட்டில் ஊக்கால் மாட்டிக்கொண்டு படுத்தாள். இப்போது வந்து போடட்டும் பார்ப்போம் கோட்டை.

ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடிக்கும்போது ஜெயகிருஷ்ணன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "நாகு, ஒரு டாக்டரப் பாத்துடலாமா? தூக்கத்துல உனக்கு மூச்சு நின்னு நின்னு வருது. விடியக்காலைல மூணு தடவை. மூணாவது தடவை ரொம்ப நேரம் வரவே இல்ல. உலுக்கப் போனேன், அதுக்குள்ள வந்துடுச்சு."

"வேலை டென்ஷன்ங்க" என்றாள். கமிட்டி முடிந்ததும் போகலாம் என்று சொன்னாள்.

அன்று இரவு அவள் ஆய்வுக்கூடத்துக்குப் போனபோது ஏசுதாசன் ஸ்டூலில் உட்காராமல் கேட்டருகே நின்றிருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"மேடம், உங்களுக்கு யாரும் போன் பண்ணலியா? நம்ம ஹேமநாத் தம்பி பூட்டாரும்மா."

"எங்க போனான்?"

"செத்துட்டாரும்மா. நேத்து நைட்டு, ஆஸ்டல்ல. படுத்துக்கினு இருந்தவரு திடீர்னு எந்திரிச்சி குந்திக்கினாராம். மூச்சு வாங்குதாம், வாங்குதாம், வேக வேகமா வாங்குதாம். அந்த மருந்த அட்ச்சி பாத்துக்கீறாங்க. அப்படியே நின்னுபோச்சாம். சின்ன வயசு. இன்னா அநியாயம் பாரும்மா."

"எத்தனை மணிக்கு?"

அதை ஏன் கேட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஒண்ணே முக்கால் இருக்கும்னு ரூம்ல கீற பையன் சொன்னான்."

ஆஸ்துமா என்று சொல்லிக்கொண்டே வராந்தாவில் நடந்தாள். ஆஸ்துமா, ஆஸ்துமா, சின்ன வயதிலிருந்தே இருந்ததாம். கதவைத் திறந்தாள். உள்ளே போய், அவள் கேட்டதற்காக நேற்றுக் காலை தச்சர் வந்து போட்டுக்கொடுத்த புதுத் தாழ்ப்பாளைப் போட்டாள். யாருக்காகப் போடச் சொன்னாளோ அவன் இனி வரப்போவதில்லை. கை பழக்கத்தில் போட்டது. கிண்ணம் கழுவித் துடைத்தபடி அலமாரியில் கவிழ்ந்திருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பன்னிரண்டு ஐந்துக்குக் கடைசி வண்டி போயிற்று. சுவர் அதிர்ந்து ஓய்ந்தது. தண்டவாளத்தின் முனகல் தூரத்தில் தேய்ந்து, ஒரு நாய் இரண்டு முறை குரைத்து, அதுவும் அடங்கியது. பீரோவிலிருந்து எடுத்துவந்த துண்டை மெஷினில் வைத்து ஊசியை இறக்கினாள். இந்தத் தடவை ஊதவில்லை. மூக்கின் மேல் புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டாள்.

படம் வந்தது. கோடு நீண்டிருந்தது.

பூட்டிய பீரோவுக்குள், அவள் கழுத்தில் சாவி தொங்க, அவள் படுக்கைக்கு நான்கடி தூரத்தில் நீண்டிருந்தது. புதிதாக வந்த பகுதியைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஓர் இடத்தில் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கொஞ்ச தூரம் தட்டையாக ஓடிவிட்டு மறுபடி ஏறியது. அதற்கப்புறம் இன்னொரு தட்டை. அதற்கப்புறம் மூன்றாவது. மூன்றாவது தட்டை மற்ற இரண்டைவிட நீளம்.

மூணாவது தடவை ரொம்ப நேரம் வரவே இல்ல.

ஜெயகிருஷ்ணன்தான் செய்கிறானோ? ஒரு நிமிடம் அப்படியும் நினைத்தாள். புருஷன் எதற்கு, எப்படி, எந்த மெஷினை வைத்து? சந்தேகப்பட இனி யாரும் பாக்கி இல்லை என்றபோதுதான் அவளுக்கு நிஜமாகவே குளிர்ந்தது. முதுகுத்தண்டில் ஆரம்பித்து உள்ளங்கை வரை வந்தது அந்தக் குளிர்.

தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. ஊசியைத் தடவவிடாமல், கோடு முடியும் புள்ளியில் கொண்டுபோய் நிறுத்தினாள். வோல்ட் பூஜ்யம். அசைவு பூஜ்யம். ஊசி வெறுமனே அந்தப் புள்ளியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். புள்ளியின் உயரம் மட்டும் திரையில் ஒரு பச்சைக் கோடாக இடமிருந்து வலமாக ஓடும். அசையாத பொருளின் மேல் அசையாத ஊசி. பச்சைக் கோடு தட்டையாகத்தான் ஓட வேண்டும்.

ஏறியது. இறங்கியது. ஏறியது. இறங்கியது.

ரயில் இல்லை. லாரி இல்லை. ஏசியை அணைத்தாள். அப்போதும் ஏறியது, இறங்கியது, பதற்றமில்லாமல். அணைத்த ஏசி சொட்டும் சத்தத்துக்கு நடுவே இன்னொரு சத்தம் அவள் காதில் விழுந்தது. அவளுடைய மூச்சு. தலைப்புத் துணிக்குள் அது உள்ளே போகும்போது பச்சைக் கோடு ஏறியது. வெளியே வரும்போது இறங்கியது.

மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கோடு தட்டையானது.

விட்டாள். இறங்கியது.

மறுபடி பிடித்தாள். பத்து எண்ணினாள். பதினைந்து. தட்டை, தட்டை, தட்டை. இருபதில் தாங்கமுடியாமல் விட்டாள். அதுவும் விட்டது.

அப்போதுதான் ஹேமநாத்தின் துண்டு நினைவுக்கு வந்தது. நெருக்கமான, அவசரமான வளைவுகள், நடுநடுவே திணறல். சிரித்தாலும் மூச்சு வாங்குமே அவனுக்கு. பிறகு கிண்ணத்தில் கிளம்பிய குமிழ்கள். முதலில் நிதானமாக, பிறகு வேகமாக, பிறகு ஒரு கொத்தாக. வேக வேகமா வாங்குதாம். ஒன்று நாற்பது.

"ஐயோ" என்றாள். சத்தம் வெளியே வரவில்லை. "ஐயோ ஹேமநாத், நான்தானேடா." எனக்கு பயமா இருக்குன்னு சொன்னானே. ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கலாம்னு சொன்னானே. அவள் வாய்விட்டு அழுதாள். தோள் குலுங்க, விக்கி விக்கி அழுதாள்.

அழுதுகொண்டே திரையைப் பார்த்தாள். பச்சைக் கோடு விக்கவில்லை. நிதானமாக ஏறியது, நிதானமாக இறங்கியது.

ஒரு விக்கல் பாதியில் நின்றது. அவள் நிறுத்தவில்லை. கோடு ஏறிக்கொண்டிருந்தது, அவள் நெஞ்சு விரிந்துகொண்டிருந்தது. கோடு இறங்கியது, காற்று அவளைக் கேட்காமல் வெளியே போயிற்று. வேகமாக மூச்சு வாங்கிப் பார்த்தாள். வாங்க வரவில்லை. கோடு ஏறும்போதுதான் வாங்க முடிந்தது. இறங்கும்போதுதான் விட முடிந்தது. எத்தனை நாளாக இப்படி என்று யோசித்தாள். தூக்கத்தில் நின்றது யார் மூச்சு? முதலில் நின்றது எது?

இந்தத் துண்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். பஞ்சில் சுற்றி, டப்பாவில் வைத்து, பீரோவில் பூட்டி, சாகும்வரை பத்திரமாக. ஒரு கீறல் விழக்கூடாது. அமிலம் படக்கூடாது. ஊசி.

ஊசி அதன் மேல் நின்றுகொண்டிருந்தது.

பார்த்துக்கொண்டே இருந்ததில் மணி மூன்று இருபது ஆகியிருந்தது. நேரம் இருக்கிறது. ஊசியைத் தூக்கும் பொத்தானுக்கு மவுஸைக் கொண்டுபோனாள். தூக்கினால் பச்சைக் கோடு நின்றுவிடும். கோடு நின்றால்? எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று தெரியாமல் எப்படி மூச்சு விடுவது? கை தயங்கியது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். இல்லை, தூக்கித்தான் ஆக வேண்டும். அழுத்தினாள்.

கரண்ட் போயிற்று.

விளக்கு அணைந்தது. யூபிஎஸ் பீப் பீப் என்றது. திரை மட்டும் எரிந்தது. கம்ப்யூட்டரும் ஊசியின் அசைவை உணரும் பகுதியும் யூபிஎஸ்ஸில். தூக்கும் மோட்டார் அதில் இல்லை. பேட்டரி விலை அதிகமென்று அதைச் சேர்க்கவில்லை. கரண்ட் போனால் ஊசி நின்ற இடத்திலேயே நிற்கும், அது அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. மோட்டார் இல்லாமல் கம்ப்யூட்டரால் ஊசியைக் கொஞ்சம் தூக்கலாம். தலைமுடி அகலத்தில் இருபதில் ஒரு பங்கு. எலக்ட்ரிக் வண்டிக்கு அந்த உயரம் தூசு. கையால் மெஷின் தலையைக் கழற்றினாலோ, ஊசி இழுபட்டுக் கோட்டின் மேலேயே போகும்.

மூன்று முப்பது. கரண்ட் வரவில்லை. வழக்கமாக அரை மணியில் வந்துவிடும்.

மூன்று நாற்பது. இருட்டில் ஏசி சொட்டியது. கரண்ட் இல்லாத அறையின் புழுக்கம். துண்டிலிருந்து லேசாக ஒரு வாடை, யாரோ முகத்துக்குப் பக்கத்தில் வாயைத் திறந்த மாதிரி.

ஏறியது. வாங்கினாள். இறங்கியது. விட்டாள்.

கதவு தட்டப்பட்டது.

"மேடம்! வண்டி வந்துக்கினு கீது. ஊசிய தூக்கிட்டீங்களா?"

கத்த வேண்டும். போய் ஸ்டேஷனில் சொல்லு, வண்டியை நிறுத்தச் சொல்லு, எதையாவது சொல்லு. கோடு ஏறிக்கொண்டிருந்தது. ஏறும்போது பேச முடியாது. இறங்கட்டும். இறங்கியதும் கத்துவேன். இறங்கு.

"மேடம், இன்னா கரண்ட் இல்லாம இருட்டுல குந்திகினு கீறீங்க? கதவத் தொறங்க."

கதவு குலுங்கியது. தாழ்ப்பாள் புதிது. அசையவில்லை.

பின்சுவருக்கு அப்பால் தண்டவாளம் முனகியது. முதலில் மெல்லிய ஊதல். பிறகு மேஜை. பிறகு டம்ளரில் தண்ணீர், ஒரு வட்டம், உள்ளே இன்னொரு வட்டம்.

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நெஞ்சு நிறைந்துவிட்டது. இனி ஒரு துளிக் காற்றுக்கும் இடமில்லை.

பச்சைக் கோடு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.